கிரெப்: ஒரு தேடுகருவியின் வரலாறு

இணைய வழங்கி ஒன்று தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் பதிவுக்கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கிறது. வரிகள் நாள்தோறும் பெருகும். அவற்றுள் பிழையைக் குறிக்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க இன்றும் பலர் நாடுவது, 1973இல் யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்ற கிரெப் என்னும் சிறு கருவியையே. அதன் பிறப்பில் ஓர் இலக்கிய ஆராய்ச்சிக்கும் பங்குண்டு என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

சொல்லைத் தேடாமல் சொல்லின் வடிவத்தைத் தேடும் எண்ணம் கணிதத்திலிருந்து வந்தது. நரம்பணுக்களின் வலையை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி, 1951இல் அத்தகைய வடிவங்களுக்கு ஒரு குறியீட்டு முறை வகுத்தார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது அதுவே. 1968இல் கென் தாம்சன் அம்முறையைக் கணினித் தேடலுக்குப் பயன்படுத்தும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர்த் தாம் அமைத்த 'எட்' என்னும் பதிப்பியிலும் அதனைச் சேர்த்தார்.

அக்காலத்தில் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லீ மக்மஹோன், 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய விரும்பினார். 1787, 1788ஆம் ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த அந்த 85 கட்டுரைகளுள் சிலவற்றை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்பது நெடுநாள் வழக்கு. ஆனால் எட் பதிப்பியால் அவ்வளவு பெரிய கோப்பைத் தாங்க இயலவில்லை. தாம்சன் அதன் தேடும் பகுதியை மட்டும் பிரித்து ஓரிரவில் தனிக்கருவி ஆக்கினார் என்று உடன்பணியாற்றிய பிரையன் கெர்னிகன் கூறியுள்ளார். (தமக்கென முன்பே அதனை வைத்திருந்தார் என்பாரும் உளர்.) கோப்பு முழுவதும் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடுக என்னும் எட் கட்டளையின் எழுத்துகளே அதற்குப் பெயராயின.

அக்கருவி ஒரு வரியைப் படிக்கும், பொருந்தினால் காட்டும், இல்லையேல் விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். முழுக்கோப்பையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டியதில்லை. பதிவுக்கோப்புகளுக்கு அது பொருந்தியதன் காரணம் இதுவே. எனினும் வடிவத்தைச் செம்மையாகச் சொல்ல வேண்டும். வழங்கியின் பிழை எண்ணாகிய 500ஐ மட்டும் தேடினால், 1500 பைட் அனுப்பிய வரியும் வந்து நிற்கும். மேற்கோள்குறி, இடைவெளி, 500, மீண்டும் இடைவெளி என்று சூழலோடு சேர்த்து எழுதினால்தான் வேண்டிய வரிகள் மட்டும் கிடைக்கும்.

தமிழுக்கு வரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. இக்குறியீட்டில் புள்ளி என்பது ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும். ஆனால் யூனிகோட் முறையில் உயிர்மெய் பெரும்பாலும் இரு குறிகளாகவே அமைகிறது. வரிக்கு ஒரு சொல்லாக அமைந்த பட்டியலில் மூன்றெழுத்துச் சொற்களை வேண்டி, வரி முழுவதும் பொருந்துமாறு மூன்று புள்ளிகள் இட்டால், ஈரெழுத்துச் சொல்லாகிய 'மலை' வரும். 'மரம்' வராது, அது நான்கு குறிகள் உடையது. ஒகர உயிர்மெய்யோ இன்னும் நுட்பமானது. 'கொ' என்பதை இரு குறிகளாகவும் மூன்று குறிகளாகவும் எழுத முடியும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடுகருவியோ ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தவறவிடும். நம் பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றுவோர், தேடுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் ஒரே குறிமுறைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். இன்றேல் இருக்கும் சொல்லை இல்லை என்று எழுதிவிடுவோம்.