ஆறு பென்ஸ் படுக்கை

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம்மவர் பழமொழி. வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, கையிலே ஒரு பெட்டியுடன் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அறை தேடி அலைந்தவர்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. பட்டணம் வேலை தரும். ஆனால் அந்த வேலையின் சம்பளத்துக்குப் படுக்க இடம் தராது. பெருநகரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த முரண்பாட்டை மிகப் பெரிய அளவிலே சந்தித்த நகரம் லண்டன். அங்கே ஏழைகளுக்கு மலிவான தங்குமிடம் அமைத்துக்கொடுக்க எடுக்கப்பட்ட சில முயற்சிகளை, அவற்றை நேரிற் கண்ட எழுத்தாளர்களின் துணையோடு இன்று நோக்குவோம், நேயர்களே.

1801ஆம் ஆண்டில் லண்டனின் சனத்தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம். நூறு ஆண்டுகளில் அது அறுபத்தைந்து இலட்சமாகப் பெருகியது. துறைமுகத் தொழிலாளிக்கு அன்றன்றைக்குத்தான் வேலை. விடியற்காலையில் வாயிலில் நிற்பவனுக்கே கூலி. ஆகவே வாடகை குறைந்த தூரத்து ஊருக்கு அவனாற் போக இயலாது. நகரின் நடுவிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கவேண்டும். அதே நடுநகரில்தான் புகையிரதப் பாதைகளுக்கும் புதிய வீதிகளுக்குமாக வீடுகள் இடிக்கப்பட்டன. இருந்த இடம் குறைய, வாடகை ஏறியது.

வாடகைக்கு வீடோ அறையோ எடுக்க முடியாதவனுக்கு இராத் தங்கும் விடுதிகள் இருந்தன. அங்கே ஒரு கட்டிலுக்கு ஓர் இரவுக் கூலி. இவ்விடுதிகளின் சீர்கேட்டைக் கண்டு 1851இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விடுதிகள் பதிவு செய்யப்பட்டு மேற்பார்வைக்கு உட்பட்டன. எனினும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

அடுத்து வந்தது தருமம். அமெரிக்கச் செல்வந்தர் ஜோர்ஜ் பீபொடி 1862இல் லண்டன் ஏழைகளுக்கென்று ஒரு பெரும் நிதியம் அமைத்தார். 1864இல் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் அதன் முதலாவது தொடர்மாடி எழுந்தது. துப்புரவான கட்டடம், அளவான வாடகை. ஆனால் வாரந் தவறாது வாடகை கட்ட நிலையான வருமானம் வேண்டும். அன்றாடங் காய்ச்சிக்கு அது ஏது? கைத்தொழில் தெரிந்தவர்களும் மாதாந்தச் சம்பளம் போன்ற நிச்சயமான ஊதியம் உடையவர்களுமே பெரும்பாலும் உள்ளே குடியேறினர். அடியில் இருந்தவன் வெளியிலேயே நின்றான்.

1880களில் இப்பிரச்சினை பெரும் வாதமாயிற்று. 1884இல் அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 1890இல் சட்டம் வந்தது. அதன் துணையோடு, அப்போது புதிதாக உருவாகியிருந்த லண்டன் கவுண்டி சபை, 'ஓல்ட் நிக்கல்' என்ற சேரியை இடித்துப் புதுக் குடியிருப்பு அமைக்க முற்பட்டது. அச்சேரியின் வாழ்வைத்தான் ஆர்தர் மொறிசன் 1896இல் தாம் எழுதிய 'ஜாகோவின் குழந்தை' என்ற நாவலிற் சித்திரித்தார். நாவல் வெளிவந்தபோது சேரி இடிபட்டுக்கொண்டிருந்தது. 1900ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் புதிய குடியிருப்பைத் திறந்துவைத்தார். மரங்கள் நிறைந்த வீதிகள், செங்கல் மாளிகைகள், நடுவே வட்டமான மேடும் வாத்திய மண்டபமும். இன்றும் பார்ப்பவர் வியக்கும் அழகு அது. ஆனால் ஒரு கணக்கை மறக்கலாகாது. அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் 5,719 பேர். புதிய வீடுகளிற் குடியேறிய பழைய சேரிவாசிகள் 11 பேர் என்று சொல்லப்படுகிறது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? அயலிலிருந்த வேறு சேரிகளுக்கு. ஏற்கெனவே நெருக்கமாயிருந்த அவ்விடங்கள் மேலும் நெருக்கமாயின.

குடும்பம் இல்லாத தனியாளின் நிலை என்ன? இதைப்பற்றி எண்ணியவர் றோட்டன் பிரபு. அவர் பிரதமர் டிஸ்றேலியின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர். அந்த டிஸ்றேலியும் ஒரு நாவலாசிரியரே. செல்வர், வறியோர் என ஒரு நாட்டுக்குள் இரு நாடுகள் இருப்பதை 'சிபில்' நாவலில் 1845இலேயே காட்டியவர். எசமானர் கதையில் எழுதியதற்குச் செயலாளர் செங்கல்லிலே பதில் தேடினார் எனலாம். சொந்தப் பணம் 30,000 பவுணைச் செலவிட்டு, 1892இன் கடைசி நாளன்று வொக்ஸ்ஹோல் பகுதியில் முதலாவது றோட்டன் இல்லத்தைத் திறந்தார். ஓர் இரவுக்கு ஆறு பென்ஸ். தடுப்பிட்டுப் பிரித்த சிற்றறை, சுத்தமான விரிப்பு, குளிக்க வசதி, வாசிக்க ஒரு கூடம். 1905க்குள் இத்தகைய இல்லங்கள் ஆறு எழுந்துவிட்டன.

இரு எழுத்தாளர்கள் இந்த இல்லங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1902இல் அமெரிக்க எழுத்தாளர் ஜக் லண்டன் கந்தல் உடையணிந்து கிழக்கு லண்டனில் வாழ்ந்து பார்த்தார். 1903இல் வெளிவந்த அவருடைய 'பாதாளத்து மக்கள்' என்ற நூல் பெரிய விடுதிகளை முற்றாகப் பழிக்கவில்லை. பழைய அழுக்கு விடுதிகளைவிட இவை எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்கிறது. ஆயினும் தனித்திருக்க ஓர் அறை இல்லை, காலையில் எழுப்பி வெளியேற்றிவிடுவார்கள், இரவுதோறும் படுக்கைக்குப் புதிதாகப் பணம் கட்டவேண்டும். உழைக்கும் மனிதனுக்கு இதுவா வீடு என்று அவர் கேட்கிறார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1933இல், ஜோர்ஜ் ஓர்வெல் பாரிசிலும் லண்டனிலும் தாம் பட்ட வறுமையை நூலாக்கினார். லண்டனில் காசில்லாதவன் இரவைக் கழிக்கும் வழிகளை அவர் படிப்படியாக அடுக்குகிறார். இரண்டு பென்ஸ் கொடுத்தால் வாங்கில் வரிசையாக அமர்ந்து, முன்னே கட்டிய கயிற்றிற் சாய்ந்து உறங்கலாம். விடியற்காலையிற் கயிற்றை அறுத்துவிடுவார்களாம். நான்கு பென்ஸ் என்றால் சவப்பெட்டி போன்ற ஒரு மரப்பெட்டி. இந்த ஏணியின் உச்சியில் அவர் வைப்பது றோட்டன் இல்லத்தை. அப்பொழுது அங்கே கட்டணம் ஒரு ஷில்லிங் ஆகியிருந்தது. குளியலறைகளைப் புகழ்கிறார். ஆனால் சமைக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது என்ற கட்டுப்பாடுகளையும் குறிப்பிடுகிறார்.

இருவர் சொன்னதும் உண்மைதான். கயிற்றிற் சாய்ந்து உறங்கியவனுக்கு ஆறு பென்ஸ் படுக்கை சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தில் ஆயுள் முழுவதும் கழிக்க நேர்ந்தவனுக்கோ அது வீடன்று. மலிவான இடம் என்னும்போது விலையை மட்டும் நாம் பார்க்கிறோம். உள்ளே போகிறவர் யார், உள்ளே போனவர் தம் கதவைத் தாமே சாத்திக்கொள்ளலாமா என்ற இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

ஜக் லண்டன் பார்த்த வைட்சப்பல் றோட்டன் இல்லம் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதி படைத்தோருக்கான தொடர்மாடியாக மாற்றப்பட்டது. ஓல்ட் நிக்கல் இருந்த இடத்தில் அந்த வட்ட மேடு இன்னும் இருக்கிறது. மாலையில் மக்கள் அங்கே காற்று வாங்க வருகிறார்கள். அந்த மேடு, இடித்த சேரி வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டி எழுப்பப்பட்டது. அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குத்தான் அங்கே இடம் கிடைக்கவில்லை.