விரல் நுனியில் ஓர் எழுத்து

பார்வையற்ற குழந்தையின் கல்வி பள்ளி வாயிலில் தொடங்குவதன்று. வீட்டாரின் கைகளில் தொடங்குவது. வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் (1809-1852) 3 வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கண்ணில் காயமுற்று, பின்னர்ப் பார்வையை முற்றும் இழந்தார். தந்தையோ மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து மகனின் விரல்களுக்குத் தந்தார் என்பர். பங்குத்தந்தை பல்லுய் பாடம் கற்பித்தார். அவ்வாறு வளர்ந்தவரே 1824-இல், தம் 15-ஆம் வயதில், ஆறு புள்ளி எழுத்தை வகுத்தார்.

அவ்வெழுத்து நம் மண்ணுக்கும் வந்தது. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. 1985-இல், தாமும் பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா மதுரையில் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். சுந்தரராஜன்பட்டியில் அதன் பள்ளி வளர்ந்தது.

ஆயினும் பள்ளி வயதை எட்டாத குழந்தை மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு திண்ணையில் வெறுங்கையோடு அமர்ந்திருக்கலாகாது. விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பலகையில் மேலிருந்து கீழாக மும்மூன்று குழிகள், இரு வரிசை. இடப்புற மேற்குழியில் ஒரு புளியங்கொட்டையை இட்டால் அதுவே பிரெய்லில் 'அ'. வலப்புற மேற்குழியிலும் இடப்புற நடுக்குழியிலும் இட்டால் 'இ'. பல்லாங்குழி ஆடிய பாட்டியே முதல் ஆசிரியை ஆகலாம்.

பெத்சாய்தாவில் பார்வையற்றவருக்கு ஒளி தருமுன் இயேசு அவரது கையைப் பிடித்தார். நம் பங்குகளிலும் அப்பணி கையிலிருந்தே தொடங்கட்டும்.