தொண்டை நாட்டு வயலில் தானியமும் பயறும்

தானியத்தையும் பயறையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்ப்பது தமிழகத்து மானாவாரி வேளாண்மையின் மிகப் பழைய வழக்கம். தினை கொய்த தாளில் அவரைக்கொடி படர்ந்து நிற்கும் காட்சி குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் வருகிறது. பிற்காலத்தில் இது பகுதிக்கு ஒரு வடிவம் கொண்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக்கு நடுவே மொச்சைச் சால் போட்டார்கள். கொங்கு நாட்டில் சோளத்தோடு தட்டைப்பயறு விதைத்தார்கள். வட ஆர்க்காட்டில் மல்லாட்டைக்குள் (நிலக்கடலைக்குள்) துவரையும் தென்னார்க்காட்டில் மல்லாட்டையோடு கம்பும் வளர்ந்தன. மழை பொய்த்தால் ஒன்று போனாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே முதன்மையான காரணம். தானியம் மூன்று நான்கு மாதத்தில் களத்துக்கு வந்துவிடும். ஆழ வேர் விடும் துவரை அதற்குப் பிறகும் நின்று, அடிமண் ஈரத்தில் காய்க்கும்.

தொண்டை நாட்டில் காஞ்சிபுரத்தைச் சுற்றிய நிலம் இதிலிருந்து சற்றே வேறுபட்டது. நகரைத் தாண்டினால் தாமல், தென்னேரி போன்ற ஏரிகளை நம்பிய நாடு. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து எழுதிய கணக்குகள், இங்கே ஏரியும் நன்செய்யும் புன்செய்யும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தன என்பதைக் காட்டுகின்றன. புன்செய்யில் கேழ்வரகு, வரகு, கம்பு, கொள்ளு. நன்செய்யில் சம்பா நெல். அறுவடைக்குப் பின் மிஞ்சிய ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ. இங்கே தானியமும் பயறும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அரிசியும் உளுந்தும் கலந்த கோயில் இட்லியை வரதராசப் பெருமாளுக்குப் படைக்கும் ஊரில், வயலிலும் அதே இணை இருந்தது.

பயறு விளைந்த மண் ஏன் செழிக்கிறது என்பது 1880களில்தான் தெளிவானது. ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் வேர்முடிச்சுகளே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கின்றன என நிறுவினர். 1888இல் நெதர்லாந்தின் பையரிங்க் அந்த முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1889இல் இந்தியாவுக்கு வந்த வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்நாட்டு உழவரின் கலப்பு விதைப்பை மதிப்போடு குறிப்பிட்டார். வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டும் 1940இல் வெளியிட்ட நூலில் இதையே எடுத்துக்காட்டினார். அவர்கள் பேசியது மண்வளம் பற்றி. மண்ணிலிருந்து எழும் வாயுக்கள் அப்போது யாருடைய கவலையும் அல்ல.

அந்த வாயுக்களில் புன்செய்யைப் பொறுத்தவரை முதன்மையானது நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது. பயிர் உறிஞ்சாமல் விட்ட நைட்ரேட், மழைக்குப் பின் காற்றோட்டம் குறைந்த ஈர மண்ணில் நுண்ணுயிர்களுக்கு இரையாகும்போது இவ்வாயு உருவாகிறது. போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) நூற்றுக்கு ஒரு பங்கு இப்படிப் போவதாகப் பன்னாட்டு அரசுகளின் பருவநிலைக் குழு பொதுக் கணக்கு வைத்திருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் சுமார் 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு; கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 90 கிலோ. யூரியாவைத் தயாரிக்கச் செலவான எரிவாயு இதில் சேரவில்லை.

கலப்புப் பயிரின் நன்மை இங்கேதான் இருக்கிறது. கேழ்வரகின் வேர்கள் மேல்மண்ணின் நைட்ரேட்டை வேகமாக இழுத்துக்கொள்கின்றன. மண்ணில் அது குறையக் குறைய, பக்கத்திலிருக்கும் மொச்சை தன் வேர்முடிச்சுகளை அதிகமாக நம்புகிறது. நுண்ணுயிர்களுக்கு எஞ்சும் நைட்ரேட் குறைவு; நிலத்துக்குத் தேவைப்படும் உரமும் குறைவு. ஆனால் பயறு சேர்த்தாலே வாயு குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. தனித்து விதைத்த தானியத்துக்குரிய முழு உரத்தையும் கலப்பு வயலில் கொட்டினால் ஆதாயம் கரைந்துபோகும். நைட்ரஜன் மிகுந்த பயற்றுத் தழை பச்சையாக ஈர மண்ணில் மடியும்போதும் வாயு சில நாட்கள் கூடுதலாக எழும். வேர்முடிச்சு வேலையையே ஒரு வாயு மூலமாகப் பருவநிலைக் குழுவின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டி எண்ணியது. போதிய சான்று இல்லாததால் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி அதைக் கைவிட்டது. பயிர்க்கழிவிலிருந்து எழுவது மட்டும் இன்றும் கணக்கில் உண்டு.

நன்செய்யில் கதை வேறு. தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாத சேற்றில் மீத்தேன் பிறக்கிறது. சம்பாவுக்குப் பின் உளுந்து விதைத்த நிலம் அந்த மாதங்களில் காற்றோட்டத்தோடு கிடந்தது. மீத்தேன் உற்பத்தி நின்றது. கிணறும் மின் பம்பும் பெருகிய இடங்களில் அதே மாதங்களை நவரை நெல் பிடித்துக்கொண்டது. பயறு விலகியதோடு நிலம் மீண்டும் நீரில் மூழ்கியது.

உரத்தின் வரவும் இதே பகுதியைத் தொட்டே நிகழ்ந்தது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் காஞ்சிபுரத்துக்கு மேற்கே ராணிப்பேட்டையில் அமைந்தது. 1960களில் ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் ரகங்கள் தழைச்சத்தைப் பெருமளவில் கேட்டன. 1971இல் மணலி உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் மற்ற உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. மலிவான யூரியா கையில் இருக்க, வேர்முடிச்சின் மதிப்பு உழவர் கணக்கில் இறங்கிப்போனது. இதை உழவரின் அலட்சியமாகப் பார்ப்பது நியாயமல்ல; விலையே அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

ஆள்கூலியும் இயந்திரமும் எஞ்சியிருந்த கலப்பு விதைப்பையும் சுருக்கின. வெவ்வேறு நாளில் முற்றும் இரு பயிர்களை இயந்திரத்தால் அறுப்பது கடினம். காவிரிப் படுகையில் நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தூவுவது வழக்கம். அறுவடை இயந்திரம் இறங்கியதும் முளைத்த கன்றுகள் சக்கரத்தில் நசுங்கின. அறுத்தபின் விதைக்கலாம் என்றால் மண்ணின் ஈரம் அதற்குள் வற்றிவிடுகிறது.