கணக்கும் முறையீடும்: தாராபுரம் கண்ட ஆட்சிகள்

ஆட்சிமுறைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே இரண்டு ஊர்களுக்கு ஓடிவிடுவார்கள். ஒன்று ஏதென்ஸ், மற்றொன்று உத்திரமேரூர். இரண்டும் பெருமைக்குரியவைதாம். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பாடநூல்களில் படித்துப் படித்து, தமிழகத்தின் பிற பகுதிகளில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்று கேட்கும் வழக்கத்தையே நாம் தொலைத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

2025 கோடையில் நண்பர்கள் சிலராகத் தாராபுரம் சென்றிருந்தோம். அமராவதிப் பாலத்தருகே நின்றுகொண்டு மன்னராட்சி, கும்பினி ஆட்சி, மக்களாட்சி என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருவர் குறுக்கிட்டார். "இந்த ஆற்றங்கரையில் உழுதவனுக்கு இவற்றுக்கிடையே என்ன வேறுபாடு தெரிந்திருக்கும்? அவன் பேரில் கணக்கு எழுதியது யார், அந்தக் கணக்குத் தவறென்றால் அவன் முறையிட எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது? இந்த இரண்டையும் சொல்லுங்கள், போதும்." அன்றைய உரையாடல் அத்தோடு திசைமாறியது. இக்கட்டுரையும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே செல்கிறது.

கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகப் பிரித்துப் பேசுவது மரபு. மருதநிலத்துப் பேரரசுகள் போலன்றி, இங்கே அதிகாரம் நாட்டுக்கு நாடு சிதறிக் கிடந்தது. பின்னாளில் அதன் மிச்சமாக நின்றவர்கள் பட்டக்காரர்கள். எட்கர் தர்ஸ்டனின் குலங்கள் பற்றிய தொகுப்பில் பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம், காடையூர், புதூர் ஆகிய பட்டங்கள் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலும் தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட மேட்டு நிலந்தான் இவர்களுடைய களம். எல்லைத் தகராறு, குலத் தகராறு, திருமண முறிவு, கோயில் முதல்மரியாதை என்று எதுவானாலும் நாட்டார் கூடி, பட்டக்காரர் தீர்ப்புச் சொன்னால் முடிந்தது. அபராதம் விதிப்பதும், சாதியிலிருந்து விலக்குவதும், விலக்கியவரை மீண்டும் சேர்ப்பதும் அவர் கையில்.

முறையிட அதிகத் தூரம் நடக்க வேண்டியதில்லை. இது அந்த அமைப்பின் பெரும் நன்மை. ஆனால் நடந்து போய்ச் சேர்ந்தபின் எல்லோராலும் அந்தச் சபையில் உட்கார முடிந்ததா? 1960களில் காங்கயம் அருகே கண்ணபுரத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், நாடு, கிராமம், குலம் என்ற அடுக்குகளும் வலங்கை இடங்கைப் பிரிவும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். உழுகுடித் தலைவர்களின் மன்றம் அது. அவர்களுடைய காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள் அங்கே எட்டி நின்றுதான் பேச முடிந்தது. அதிகாரம் பரவலாக இருந்தது என்று நாம் மகிழ்வதற்கு முன், யாரிடையே பரவியிருந்தது என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

1529இல் விசுவநாத நாயக்கர் மதுரையில் அமர்ந்தபின் 72 பாளையங்கள் வகுக்கப்பட்டன. வரியில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, எஞ்சியது பாளையக்காரருக்கு என்பது பொதுவான ஏற்பாடு. அதிகாரம் இப்போது மேலிருந்து குத்தகைக்கு விடப்பட்டது என்று சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் மைசூருக்கும் நடுவே கொங்கு பந்தாடப்பட்டது. ஹைதரும் திப்புவும் பாளையக்காரர்களை ஒடுக்கி, சம்பளம் பெறும் அமில்தார்களைக் கொண்டு வரியை நேரடியாகத் திரட்ட முயன்றனர். கும்பினிப் படை 1768இலும் 1783இலும் 1790இலும் தாராபுரத்தைக் கைப்பற்றியது. மூன்று முறையும் ஊர் மைசூரிடமே திரும்பியது. 1783இல் வந்தவர் கர்னல் புல்லர்ட்டன், 1790இல் வந்தவர் ஜெனரல் மெடோஸ். கொடிகள் இப்படி ஏறி இறங்கிய காலத்தில் அசையாதிருந்தது ஊர்க் கணக்குப்பிள்ளையின் ஓலைக்கட்டு ஒன்றுதான். யார் வந்தாலும் முதலில் தேடியது அவரைத்தான்.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கும்பினி கோவைப் பகுதியை இரண்டாகப் பிரித்தது. வடபகுதிக்குப் பவானி தலைமையிடம், தென்பகுதிக்குத் தாராபுரம். 1800இன் இறுதியில் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், தென்பகுதி ஆட்சியராக இருந்த ஹர்டிசைச் சந்தித்து எழுதியிருக்கிறார். வடபகுதி ஆட்சியர் மக்ளியோட், பாராமகாலில் கர்னல் ரீடிடம் பாடம் கற்றவர். இடைத்தலைவர்களை விலக்கி, ஒவ்வொரு குடியானவன் பேரிலும் நேரே வரி எழுதும் ரயத்துவாரி முறை அந்தப் பள்ளியில் உருவானது. (பட்டம் பெற்றவர்கள் ஆண்ட நாட்டில் பட்டா பெற்றவர்கள் காலம் பிறந்தது என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். இரண்டு சொற்களையும் பிணைப்பதை மொழியறிஞர்கள் மன்னிப்பார்களாக!) பழைய தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. 1800 ஜூனில் கோவைப் பாசறையைத் தாக்கிய முயற்சி குலைந்தது. தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்பே, 1804இல், இரு பகுதிகளும் இணைக்கப்பட்டுக் கோவை தலைமையிடமாயிற்று.

இனி வருவதுதான் எங்களைப் பெரிதும் ஈர்த்த பகுதி. 1748இல் பிரெஞ்சு அறிஞர் மோந்தெஸ்கியூ, சட்டம் இயற்றுவோர், அதை நிறைவேற்றுவோர், தீர்ப்பளிப்போர் ஆகிய மூவரும் ஒருவராக இருந்தால் குடிமக்களுக்கு விடுதலை இல்லை என்று எழுதினார். வரி வாங்குபவரும் வழக்குக் கேட்பவரும் ஒருவராக இருக்கலாகாது என்று 1793இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் விதித்த ஏற்பாடு இதற்கு நெருங்கிய உறவுடையது. அவ்வேற்பாடு 1802இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜில்லா நீதிபதியிடம் வழக்கோடு காவலும் இருந்தது, ஆட்சியரிடம் வரி மட்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஜில்லா நீதிமன்றம் தாராபுரத்தில் இருந்தது. ஆட்சியரோ சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிக் கோவையில்!

அதிகாரப் பிரிவினை என்ற கோட்பாடு இவ்வளவு கண்ணுக்குத் தெரியும்படி நிலத்தின்மீது வரையப்பட்டது வேறெங்கும் உண்டா, அறியோம். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் பவானிக் கரையிலிருந்து ஒரு குடியானவன் தாசில்தார்மீது குறை சொல்ல வேண்டுமானால், வக்கீல் வைத்து, கட்டணம் கட்டி, அமராவதிக் கரைவரை நடக்க வேண்டும். அதுவரை அவனுடைய மாடுகளுக்கு யார் தண்ணீர் காட்டுவது?

விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. காரோ என்பவர் ஆட்சியராக இருந்தபோது கோவைக் கருவூலத்தைக் கவனித்தவர் காசிச் செட்டி. வரி குறையாமல் வந்துகொண்டிருந்ததால் மேலிடம் ஆட்சியரைப் பாராட்டியது. உள்ளே நிலைமை வேறு. தாசில்தார்கள் முதலான பணியாளர்கள் பலர் காசிச் செட்டியின் ஆட்களாகியிருந்தனர். அரசுப் பணம் அவருடைய வணிகத்தில் புழங்கியது, அரசுப் பணியாளரே அவருடைய புகையிலை வணிகத்துக்கும் உழைத்தனர். தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்து 1816இல் இதை வெளிக்கொணர்ந்தனர். (உதகையை உருவாக்கிய அதே சல்லிவன்தான்.) ஆட்சியர் பெயரால் ஆண்டது கருவூலக்காரர். நீதிபதி ஒருவர் இருந்தும், குடிகளின் குரல் அவர் காதுக்கு எட்டவில்லை.

மன்றோ கண்ட மருந்து நேரெதிரானது. 1816இன் ஒழுங்குமுறைச் சட்டங்கள் காவலையும் குற்றவியல் அதிகாரத்தையும் நீதிபதியிடமிருந்து எடுத்து ஆட்சியரிடம் கொடுத்தன. கிராம மணியகாரருக்குச் சிறு வழக்குகளும் காவலும் வந்தன. கிராமப் பஞ்சாயத்துக்கும் சட்ட ஏற்பு கிடைத்தது. குடியானவன் நடக்க வேண்டிய தூரம் மறுபடி குறைந்தது. மன்றோவின் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் வரி கேட்பவர் கையிலேயே தடியும் வந்துவிட்டதே!

அந்தத் தடி என்ன செய்தது என்பதை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வரி பாக்கிக்காக ஆட்களைக் குனிந்தபடி கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே நெரிப்பது கிட்டி. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் கீழ்நிலைப் பணியாளர்கள். முறையிட வேண்டியதும் அவர்களுடைய மேலாளரிடமே. வரியும் காவலும் ஒரே கையில் இருந்ததைக் குழு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. 1859இல் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 50ஆம் கூறு சொல்கிறது. காரன்வாலிசின் பக்கம் நாம் திரும்பி வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் நெடுங்காலம் அசையவில்லை. வழிவழியாக வந்த கர்ணம், மணியம் பதவிகளை 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. தேர்வெழுதி வருபவர் கிராம நிர்வாக அலுவலரானார். முடியாட்சிகளும் கும்பினியும் தொடாத பேனாவைத் தொட்ட அந்த ஒரு கையெழுத்து, கொங்கின் கிராமங்களில் பல கொடிமாற்றங்களைவிடப் பெரிய நிகழ்ச்சி என்று எண்ணுகிறோம். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் 1996 தேர்தலும் மற்றொரு கதவைத் திறந்தன. பழைய நாட்டார் சபையில் எட்டி நின்றவர்களின் வழிவந்தோரும் பெண்களும் இடஒதுக்கீட்டால் தலைவர் நாற்காலியில் அமர்ந்தனர். இதற்கிடையே தாராபுரம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு 1979இல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டத்துக்கும், 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் பெயர்ந்தது. ஆட்சியரைப் பார்க்க ஏற வேண்டிய பேருந்துதான் மாறிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் சாலையோர ஊராட்சி அலுவலகம் ஒன்றில் தண்ணீர் குடிக்க நின்றோம். சுவரில் தலைவர்களின் பெயர்ப்பலகை. 2016 அக்டோபருக்கும் 2020 ஜனவரிக்கும் இடையே ஓர் இடைவெளி. தேர்தல் நடவாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்த காலம் அது. பிறகு ஒரு பெண்ணின் பெயர், 2020 முதல் 2025 வரை. அந்த ஆண்டு ஜனவரி 5ஆம் நாளோடு பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர். பெயரெழுதுவதற்காக அடுத்த வரிக்குக் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.