தண்ணி மட்டமும் அசையும் நிலமும்

எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாளில், மேசன் காக்கா நீளமான டியூப் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, ஒரு நுனியை என் கையில் தந்து மூலையில் நிற்கச் சொன்னார். மறுநுனியோடு அவர் எதிர்மூலைக்குப் போனார். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்துக் குற்றிகளில் கோடு போட்டார். "தண்ணி பொய் சொல்லாது மகன்" என்றார். அதே முறையில் பூமியையே சோதித்த வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோது, அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

கடலின் வற்றுப்பெருக்குக்கும் சந்திரனுக்கும் உள்ள உறவு பழைய செய்தி. 9ஆம் நூற்றாண்டில் அபூ மஃஷர் அல்பல்கீ தமது பெரிய சோதிட நூலில் அதை விரிவாக எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனுக்குப் போனபின் ஐரோப்பியரும் அதைப் படித்தார்கள். ஆனால் அவர் பேசியது கடல்நீரைப் பற்றி. சந்திரன் கடலை இழுக்கிறதென்றால் நிலத்தை மட்டும் விட்டுவைக்குமா? இந்தக் கேள்விக்கு அளந்து விடை காண இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகின.

1860களில் கெல்வின் பிரபு (அப்போது வில்லியம் தொம்சன்) ஒரு நியாயம் சொன்னார். நிலமும் கடலைப் போலவே முழுதாக எழுந்து தாழுமானால், கரையில் நிற்கும் நமக்கு வற்றுப்பெருக்கே தெரியாது. தெரிகிறபடியால் பூமி உள்ளே மிக இறுக்கமானது. எவ்வளவு இறுக்கம் என்பதை அறிய, 1880 அளவில் ஜோர்ஜ் டார்வினும் தம்பி ஹொரஸும் கேம்பிரிட்ஜில் நுண்ணிய ஊசல் ஒன்றை அமைத்தார்கள். தரை ஓயாமல் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டே இருந்ததால், சந்திரனின் இழுப்பைப் பிரித்தறிய முடியவில்லை.

விடையைத் தந்தது தண்ணீர்க் குழாய்தான். அமெரிக்காவின் விஸ்கொன்சினிலுள்ள யேர்க்ஸ் வான் ஆய்வகத்தின் நிலத்தில், மைக்கல்சனும் கேலும் 500 அடி நீளக் குழாய்களை வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் புதைத்து, பாதியளவு நீர் விட்டார்கள். நீர்மட்டம் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குகளே ஏறி இறங்கியது. முதலில் நுணுக்குக்காட்டியாலும் பிறகு ஒளியலைகளாலும் அதை அளந்தார்கள். 1919இல் வெளியான முடிவின்படி, சற்றும் அசையாத பூமியில் காணவேண்டிய ஏற்ற இறக்கத்தில் சுமார் 69 சதவீதமே தெரிந்தது. மிச்சத்தை, தானும் வளைந்துகொடுத்த நிலம் மறைத்துவிட்டது.

இது வெறும் வியப்புக்குரிய செய்தியாக நிற்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகே சேர்ன் ஆய்வுகூடம் 1989 முதல் 2000 வரை இயக்கிய எல்.ஈ.பி. கருவி, நிலத்தின் கீழ் 26.7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். அங்கே தரை, வற்றுப்பெருக்கு வலுக்கும்போது 25 சென்டிமீட்டர் அளவுக்கு எழுந்து தாழும். அதனால் வளையத்தின் சுற்றளவு மாறுவது ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் துணிக்கைகளின் பாதை நீளத்தை வானொலி அலையின் அதிர்வெண் கட்டிவைத்திருக்கிறது. வளையம் விரிந்தால் காந்தங்கள் விலகும், துணிக்கைகள் அவற்றின் நடுவைத் தவறி ஓடும், சக்தி குறையும். 1992 நவம்பரில், பூரணையை அண்டி ஒரு நாள் முழுக்க அளந்தபோது, சக்தியின் ஏற்ற இறக்கம் சந்திரனை வைத்துப் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. சுமார் 4,500 கோடி இலத்திரன் வோல்ட்டில் மாற்றம் ஒரு கோடி அளவு. இசட் துணிக்கையின் நிறையை 21 இலட்சம் இலத்திரன் வோல்ட் பிழை எல்லைக்குள் சொல்ல முடிந்தது, இந்த மாற்றத்தைக் கழித்ததால்தான். கழிக்காமல் விட்டிருந்தால் சந்திரனின் வேலையைத் துணிக்கையின் குணம் என்று எழுதியிருப்பார்கள்.

இன்று செய்மதி வழியாக நிலத்தின் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் எடுப்பவர்களும் இந்த அசைவைக் கழித்தே எழுதுகிறார்கள். வீடு கட்டுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஊரே ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்வதால் சுவர் கோணாது, நமக்கும் தெரியாது.

மேசன் காக்கா சொன்னது சரிதான். நிலம் அசைகிறது என்று விஸ்கொன்சினில் காட்டித் தந்ததும் தண்ணிதான்.