டாலின் நகர மன்றமும் கிழத் தோமாவும்

எஸ்தோனியத் தலைநகர் டாலினின் பழைய நகரில், சதுக்கத்தின் ஓரமாக நிற்கும் சுண்ணாம்புக்கல் கட்டடம் நகர மன்றம். இன்றைய வடிவில் அது 1404இல் முடிக்கப்பட்டது. அன்று ஊரின் பெயர் ரேவால். ஹான்சா வணிகக் கூட்டணியின் துறைமுகம். மன்றத்தில் உட்கார்ந்து ஊர் நிர்வாகத்தையும் வழக்குகளையும் கவனித்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் வணிகர்கள்.

முகப்பில் வளைவுகள் கொண்ட தாழ்வாரம். கூரையோரத்தில் டிராகன் தலை வடிவத் தூம்புகள்; மழை பிடித்தால் அவற்றின் வாய்வழியே நீர் கொட்டும். மன்ற அறையின் மர இருக்கைகளில் தாவீதும் கோலியாத்தும், ட்ரிஸ்தானும் ஈசோல்டும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். வழக்கு தீர்க்கும் இடத்தில் காதல் கதைக்கு என்ன வேலையோ! வேலைப்பாடு என்னவோ நுணுக்கமானது.

64 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கொடி பிடித்து நிற்கும் வீரன், காற்றுத்திசை காட்டி. ஊரார் வைத்த பெயர் ‘கிழத் தோமா’. 1530இல் ஏறிய முதல் தோமா, 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் கோபுரம் எரிந்தபோது கீழே விழுந்தான். 1952இல் இரண்டாமவன் வந்தான். 1996 முதல் காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருப்பவன் மூன்றாமவன். 1970 வரை நகர நிர்வாகம் இங்கேயே நடந்தது. இப்போது அரசு வரவேற்புகளும் இசைக் கச்சேரிகளும் நடக்கின்றன. கோடையில் கட்டடம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுகிறது.