ஒரே வேர், இரண்டு சொற்கள்

நான் முதுகலை படித்த கல்லூரியில் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் கதவை ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்கு அப்படி நேரக்கணக்கு எதுவும் கிடையாது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு நாங்கள் ஓடுவோம். ஏன் என்று கேட்டபோது வார்டன் சொன்னார்: "படிக்கத்தானே வந்தீங்க? அப்போ ஒழுக்கமா இருங்க." எங்களிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரத்தின் வரலாறு பின்னாளில் எனக்கு அகராதியில் கிடைத்தது.

'கல்' என்ற வினைக்குக் கற்றுக்கொள் என்று பொருள்; தோண்டு என்றும் பொருள். கல்வி அதிலிருந்து வந்தது. கற்பும் அதே வடிவத்திலிருந்து வந்த சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், கற்பு என்பதற்குக் கல்வி என்றும் ஒரு பொருள் தருகிறது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், கணவனைவிடச் சிறந்த தெய்வம் இல்லை என்று பெற்றோர் மகளுக்குக் கற்பிப்பதாலும், ஒழுக வேண்டிய முறையைக் கணவன் கற்பிப்பதாலும் அது கற்பு ஆயிற்று என்கிறார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கற்பு பற்றிப் பேசும் பெரியாரும் முதலில் இந்த வேரைத்தான் கையில் எடுக்கிறார்.

இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்வியில் ஒருவர் தானே கற்கிறார். கற்பில் ஒருத்திக்குக் கற்பிக்கப்படுகிறது. ஒன்றில் தோண்டுபவர் இருக்கிறார். மற்றொன்றில் கேட்டு அடங்குபவள் இருக்கிறாள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் இருந்தவை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெண்கள் மிகச் சொற்பம். எழுத்தறிவு பெண்ணின் அடக்கத்துக்கு ஒவ்வாதது, ஆடல் மகளிருக்கே உரியது என்று பெரும்பாலோர் கருதுவதாக அவர் பதிவு செய்கிறார். அதாவது, எழுதப் படிக்கத் தெரிந்தாலே ஒரு பெண்ணின் கற்பு சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்றது சமூகம்.

பிறகு வந்த சீர்திருத்தவாதிகள் இரண்டையும் சமரசம் செய்துவைக்கப் பார்த்தார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் 'பெண்மதி மாலை' எழுதினார். 'பெண் கல்வி' என்று உரைநடை நூலும் எழுதினார். அந்தக் காலத்தில் அது துணிச்சல்தான். ஆனால் அந்தத் தலைமுறையின் வாதம் பெரும்பாலும் ஒன்றே: படித்தவள் நல்ல மனைவியாவாள், நல்ல தாயாவாள். பையன் நல்ல கணவனாக வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் கட்டியவர் யார்? 'பெண் கல்வி' என்கிறோம்; 'ஆண் கல்வி' என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுடையது வெறுமனே கல்வி.

1886இல் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒருவர் தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதித்ததால் சேர்ந்தார். 1912இல் மருத்துவரானார். மற்றவர் பிராமணக் குடும்பத்தில் சிறுவயதிலேயே விதவையான சுப்பலட்சுமி. 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தன்னைப் போன்ற விதவைச் சிறுமிகள் படிப்பதற்கு இல்லம் தொடங்கினார். ஒருவரைக் கற்பில்லாத குலம் என்று ஒதுக்கிய அதே சமூகம், மற்றவரைக் கற்பின் பெயரால் மூலையில் உட்காரச் சொன்னது. இருவரும் எழுந்து போனது ஒரே இடத்துக்கு: வகுப்பறைக்கு.

இன்று நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். "படிச்ச திமிரு" என்று வீட்டில் திட்டு வாங்கிவிட்டு வரும் மாணவிகள் என் வகுப்பில் உண்டு. அவர்களிடம் சொல்வேன்: அந்த வசவை ஆராய்ந்து பாருங்கள். கற்பிக்கப்பட வேண்டியவள் தானாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்ற பதற்றம்தான் அதில் இருக்கிறது.

எங்கள் ஊரில் நூலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று மாணவர்களுக்குத் தெரியும். மாணவிகளுக்குத் தெரிவதில்லை. அவர்கள் யாரும் அதுவரை அங்கே இருந்ததில்லை.